மூன்று நிமிடத்துக்குள் ஒரு ராகம்: பழைய கர்நாடக இசைத்தட்டுகளைச் சேர்க்கவும் கேட்கவும் முழுமையான வழிகாட்டி

பரணிலிருந்து இறக்கிய தகரப்பெட்டியில் இருபத்து மூன்று தட்டுகள் இருந்தன. ஒன்பது உடைந்து கிடந்தன. மிச்சத்தில் ஒன்று நாடக மேடைப் பாடகர் எஸ். ஜி. கிட்டப்பாவின் 'எவரனி'. நண்பர் வீட்டுப் பழைய பிளேயரில் போட்டுக் கேட்டபோது, மனிதக் குரல் இவ்வளவு உயரத்தில் இவ்வளவு லேசாக நிற்குமா என்று அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பிளேயர் வேகமாகச் சுற்றியிருக்கிறது என்பது நாலு வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. சரியான வேகத்தில் மறுபடி கேட்டேன். குரல் கொஞ்சம் கீழே இறங்கியது, கனம் கூடியது, ஒட்டிக்கொண்டிருந்த பிருகாக்கள் (அதிவேக ஸ்வர ஓட்டங்கள்) தனித்தனி மணிகளாகப் பிரிந்தன. வியப்பு ஒரு துளியும் குறையவில்லை. நாலு வருஷமாக வேறு யாரையோ கேட்டுக்கொண்டிருந்தோமே என்ற வருத்தம்தான் மிஞ்சியது.

அந்த வருத்தத்தில் பிறந்த வழிகாட்டி இது. தட்டை வாங்குவது, கழுவுவது, ஊசி தேர்வது, வேகம் பார்ப்பது எல்லாமே அந்தக் குரல் தன் சொந்தச் சுருதியில் நம் காதுக்கு வந்து சேர்வதற்காகத்தான். 'அந்தக் காலப் பாட்டெல்லாம் கீச்சுக் குரல்' என்று சொல்பவர்களில் பெரும்பாலோர் தவறான வேகத்திலும் தவறான ஊசியிலும் கேட்டவர்கள்.

படி 1: எந்தக் காலம் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

'பழைய பிளேட்' என்று பொதுவாகச் சொன்னாலும் அதற்குள் மூன்று உலகங்கள் இருக்கின்றன.

முதலாவது மைக் வருவதற்கு முந்தைய காலம். கிராமபோன் கம்பெனியின் ஃபிரெட் கெய்ஸ்பர்க் 1902-ல் கல்கத்தா வந்து கௌஹர் ஜானைப் பதிவு செய்தார். அடுத்த சில ஆண்டுகளில் தென்னிந்தியப் பாடகர்களும் தட்டில் வந்தார்கள். பாடுபவர் ஒரு பெரிய கூம்புக் குழாயின் வாய்க்குள் முகத்தை நீட்டிப் பாட வேண்டும். குரலின் விசையே ஊசியை அசைத்து மெழுகில் கோடு கீறும். மின்சாரம் கிடையாது, ஒலியைக் கூட்டிக் குறைக்கும் வசதியும் கிடையாது. அதனால் தம்பூரா கேட்காது, மிருதங்கம் எங்கோ அடுத்த தெருவில் ஒலிப்பது போலிருக்கும். கணீரென்ற குரலும் ஆர்மோனியமும் மட்டும் முன்னால் நிற்கும்.

இந்தக் காலத் தட்டுகளில் பெண்களே அதிகம். தேவதாசி மரபில் வந்த பெரும் பாடகிகள் தயக்கமில்லாமல் அந்தக் குழாயின் முன் நின்றார்கள். சேலம் கோதாவரி, பெங்களூர் நாகரத்தினம்மாள், கோயம்புத்தூர் தாயி என்று அந்த வரிசை போகிறது. திருவையாற்றில் தியாகராஜருக்குச் சமாதிக் கோயில் எழுப்பியவர் என்ற அளவில் நாகரத்தினம்மாளை எல்லாருக்கும் தெரியும். அவர் குரலைக் கேட்டவர்கள் மிகச் சிலரே.

கோயம்புத்தூர் தாயியின் கதையை இங்கே சொல்லாமல் நகர முடியாது. 1912 வாக்கில் இந்தியா வந்த மோரிஸ் தெலாஜ் என்ற பிரெஞ்சு இசையமைப்பாளர் அவர் இசையில் மனம் பறிகொடுத்தார். வள்ளலாரின் 'அருட்பெருஞ்ஜோதி'யைத் தாயி பாடிய தட்டை வைத்து 'ராகமாலிகா' என்றே ஒரு பியானோ படைப்பை எழுதினார். நம் ஆதார சுருதியின் நிழல் அதில் விழ வேண்டும் என்பதற்காக, பியானோவின் ஒரு தந்திக்கடியில் அட்டை செருகி நாதத்தை மழுக்கச் சொன்னார். வடலூர்ப் பாட்டு ஓர் அரக்குத் தட்டில் ஏறிப் பாரிஸ் போய்ப் பியானோவின் வயிற்றுக்குள் நுழைந்திருக்கிறது. ஒரு தட்டு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு எனக்கு இந்த ஒன்று போதும்.

இரண்டாவது மைக் காலம். மேல்நாட்டில் 1925-ல் மின்பதிவு வந்தது. அதைத் தொடர்ந்து இங்கும் வந்தது. மெல்லிய குரலும் நுணுக்கமான வீணையும் அதன் பிறகே தட்டில் ஏற முடிந்தது. வீணை தனம்மாளின் சில தட்டுகள் 1930-களில் வந்தது இதனால்தான். கிட்டப்பா, கே. பி. சுந்தராம்பாள், அரியக்குடி, முசிறி, செம்மங்குடி, ஜி. என். பாலசுப்பிரமணியம் (ஜி. என். பி.), மதுரை மணி, என். சி. வசந்தகோகிலம், நாகஸ்வரத்தில் டி. என். ராஜரத்தினம் பிள்ளை, புல்லாங்குழலில் பல்லடம் சஞ்சீவ ராவ், வயலினில் துவாரம் வெங்கடசாமி நாயுடு என்று பொற்காலம் என்று நாம் சொல்வதெல்லாம் இங்கேதான். 1926-ல் பத்து வயதுச் சிறுமி எம். எஸ். சுப்புலட்சுமி தாயார் சண்முகவடிவின் வீணையோடு 'மரகத வடிவும்' பாடியது இந்தக் காலத்தின் வாசலில்.

மூன்றாவது எல்.பி. (நீண்ட நேரம் ஓடும் பிளாஸ்டிக் தட்டு), ஸ்பூல் டேப் காலம். முழுக் கச்சேரியும் கிடைக்கும். அது தனிக் கடல். இந்தக் கட்டுரை முதல் இரண்டு காலத்தோடு நின்றுகொள்கிறது.

எல்லாவற்றையும் சேர்க்கப் புறப்பட்டால் இரண்டு வருஷத்தில் வீட்டில் இடமும் மனதில் ஆசையும் தீர்ந்துவிடும். ஒரு கலைஞர், ஒரு வாத்தியம், ஒரு ராகம், ஏதாவது ஒன்றைப் பிடியுங்கள். நான் தோடியைப் பிடித்தேன். தோடிக்காகத் தேடப்போய் மற்றவை தானாக வந்தன.

எவ்வளவு தேடினாலும் கிடைக்காத குரல்களும் உண்டு. பல்லவிச் சிங்கம் என்று பெயரெடுத்த காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளையின் குரல் எந்தத் தட்டிலும் இல்லை. புல்லாங்குழல் சரப சாஸ்திரி 1904-லேயே போய்விட்டார். இதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது, கிடைத்ததைக் கேட்கும்போது கவனத்தைக் கூர்மையாக்கும்.

படி 2: வாங்கும் முன் காதைத் தயார் செய்யுங்கள்

ஆறு மாதம் கேளுங்கள். ஒரு தட்டும் வாங்க வேண்டாம். ஆர்க்கைவ் ஆஃப் இந்தியன் மியூசிக் என்ற அமைப்பு நூற்றுக்கணக்கான ஆரம்பகாலத் தட்டுகளை இணையத்தில் ஏற்றியிருக்கிறது. சென்னையில் இருப்பவர்களுக்கு மியூசிக் அகாடமியின் டேக் டிஜிட்டல் கேட்பகம் இருக்கிறது. 1982-ல் தொடங்கி, இப்போது குருகிராமில் இயங்கும் இனவரை இசையியல் ஆவணக்காப்பகம் ஆய்வு நோக்கில் போகிறவர்களுக்கு நல்ல இடம்.

கேட்கும் வரிசை முக்கியம். 1905 தட்டில் தொடங்காதீர்கள். 1940-களிலிருந்து பின்னோக்கி நடங்கள். ஜி. என். பி.யின் 'வாசுதேவயனி', முசிறியின் 'நகுமோமு', பிறகு கிட்டப்பா, பிறகு தனம்மாள், கடைசியாகத் தாயியும் கோதாவரியும். காது இரைச்சலைக் கடந்து கேட்கப் பழகுவதற்கு நாள் ஆகும். மழையில் பக்கத்து வீட்டுப் பேச்சைக் கேட்பது போன்ற பழக்கம் அது. வந்துவிட்டால் போகாது.

படி 3: தேடும் இடங்கள்

சென்னை மூர் மார்க்கெட் 1985-ல் எரிந்ததோடு ஒரு தலைமுறையின் தேடல் களமே போயிற்று. இன்றைக்குச் சென்ட்ரலை ஒட்டிய அல்லிக்குளம் வளாகத்தில் பழைய தட்டுகள் கண்ணில் படும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வந்த சாமான்களோடு தட்டுகளும் வருகின்றன. பம்பாய் சோர் பஜாரிலும் கல்கத்தா ஃப்ரீ ஸ்கூல் தெருவிலும் இந்துஸ்தானியும் சினிமாவும்தான் அதிகம். நடுவில் எப்போதாவது ஒரு தென்னிந்தியத் தட்டு கிடைக்கும்.

ஆனால் நல்ல தட்டுகள் எனக்குக் கடையில் கிடைத்ததைவிட வீடுகளில் கிடைத்ததே அதிகம். கும்பகோணம், மாயவரம், திருநெல்வேலிப் பக்கத்தில் பழைய வீட்டை இடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டால் மரியாதையாகப் போய்க் கேளுங்கள். கேட்கிற விதம் ஒன்று இருக்கிறது. 'பழைய பிளேட் விலைக்கு இருக்கா?' என்று ஆரம்பித்தால் பெரியவர்கள் முகம் சுருங்கும். 'தாத்தா காலத்துல வீட்ல கிராமபோன் இருந்துச்சாம்மா? யார் பாட்டு கேப்பாங்க?' என்று கேளுங்கள். கதை வரும், காபி வரும், அதன் பிறகு பெட்டி வரும். சில வீடுகளில் தட்டைத் தர மனம் வராது. அப்போது வற்புறுத்தாமல், பதிவு செய்துகொண்டு திருப்பித் தருகிறேன் என்று சொல்லுங்கள். பதிவின் ஒரு பிரதியை அவர்களுக்கும் கொடுங்கள். எண்பது வயது அம்மா ஒருவர் தன் கல்யாணத்தில் வைத்த பாட்டை அறுபது வருஷம் கழித்துக் கேட்டபோது நான் பக்கத்தில் இருந்தேன். என் அலமாரியில் இருக்கும் எந்தத் தட்டையும் அதற்குச் சமமாகச் சொல்ல மாட்டேன்.

படி 4: கையில் எடுத்துப் பார்ப்பது

தட்டை ஓரத்திலும் நடுக் காகிதத்திலும் மட்டும் பிடியுங்கள். பத்து அங்குலத் தட்டு ஒரு பக்கம் மூன்று நிமிடத்துக்குச் சற்றுக் கூட ஓடும். பன்னிரண்டு அங்குலம் நாலு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல்.

வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பாருங்கள். நல்ல தட்டு கருங்கல் சிலையில் எண்ணெய் தடவியது போலப் பளபளக்கும். கோடுகள் சாம்பல் பூத்திருந்தால் எஃகு ஊசி அவற்றைத் தின்றுவிட்டது என்று பொருள். குரல் உச்சத்துக்குப் போகும் இடங்கள் முதலில் தேயும். சாம்பல் திட்டுகளைப் பார்த்தே பாடகர் எங்கே மேல் ஷட்ஜத்தை (மேல் 'ஸ') பிடித்தார் என்று சொல்லிவிடலாம். மேலே கீறல் இருந்தால் கவலைப்பட வேண்டாம், அது டக் டக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். தேய்மானத்தை மட்டும் யாராலும் திருப்பித் தர முடியாது. ஓரத்திலிருந்து உள்ளே ஓடும் மயிரிழை வெடிப்பை விரல் நுனியால் தடவிக் கண்டுபிடியுங்கள்.

பிறகு லேபிள். இறகால் எழுதும் குட்டித் தேவதை முத்திரை இருந்தால் கிராமபோன் கம்பெனியின் ஆரம்பகாலத் தட்டு. அதற்குப் பிறகு வந்தது நம் ஊரில் 'நாய் மார்க்' என்ற எச்.எம்.வி. 'ட்வின்' அதே கம்பெனியின் மலிவு விலைத் தட்டு. மலிவு விலையில்தான் என்றாலும் பாட்டு மலிவல்ல. ஓடியன் ஜெர்மானியக் கம்பெனி. முதல் உலகப் போருக்கு முன் பெர்லினில் அச்சாகி வந்தது, 1930-களில் சென்னை சரஸ்வதி ஸ்டோர்ஸ் வழியாகத் தமிழ்நாடெங்கும் பரவியது. பின்னாளில் ஏவி.எம். ஸ்டுடியோ கண்ட மெய்யப்பச் செட்டியார் தொழில் பழகிய இடம் அந்த ஸ்டோர்ஸ். கொலம்பியா, பிராட்காஸ்ட், ஜோனோஃபோன் ஆகியவையும் அடிக்கடி கண்ணில் படும்.

லேபிளுக்கும் கடைசிக் கோட்டுக்கும் நடுவில் வழவழப்பான வளையம் ஒன்று இருக்கும். அதில் பொறித்திருக்கும் எண்தான் தட்டின் உண்மையான ஜாதகம். லேபிளில் ராகப் பெயர் தப்பாக இருக்கலாம், பாடகர் பெயரே மாறியிருக்கலாம். இந்த எண் பதிவு நடந்த அன்றே மெழுகில் விழுந்தது. எண்ணோடு ஒட்டிய எழுத்து, கிராமபோன் கம்பெனித் தட்டுகளில், எந்தப் பதிவாளர் எந்த அளவில் பதிந்தார் என்பதைச் சொல்லும். சிறு முக்கோணக் குறி தெரிந்தால் அது மின்பதிவு. இந்த எண்களை ஆஸ்திரேலியரான மைக்கேல் கின்னியர் ஆயுள் முழுவதும் தொகுத்துப் பட்டியலிட்டார். தேதி கண்டுபிடிக்க அவர் பட்டியல்களே முதல் துணை.

ஓர் எச்சரிக்கை: பதே என்ற கம்பெனியின் ஆரம்பகாலத் தட்டுகளில் ஊசி பக்கவாட்டில் அசையாது, மேலும் கீழுமாக அசையும். சில தட்டுகள் உள்ளிருந்து வெளியே ஓடும். சாதாரண முறையில் போட்டுவிட்டுத் தட்டு கெட்டுப்போச்சு என்று தூக்கிப் போடாதீர்கள்.

படி 5: கொண்டு வருவது, கழுவுவது, அடுக்குவது

இந்தத் தட்டுகள் பிளாஸ்டிக் அல்ல, அரக்கு. பலாச மரத்திலும் குசும்ப மரத்திலும் பூச்சி கட்டும் அரக்கோடு கல்தூளும் கரியும் சேர்த்து அழுத்தியவை. உலகம் முழுவதும் பாடிய தட்டுகளுக்கு அரக்கு போனது பெரும்பாலும் நம் நாட்டுக் காட்டிலிருந்துதான்.

அரக்கு என்பதை மறக்காதவர்களுக்குப் பாதி ஆபத்து நீங்கிவிடும். தச்சர் மர நாற்காலிக்குப் பாலிஷ் போடும்போது என்ன செய்கிறார்? அரக்கை ஸ்பிரிட்டில் கரைக்கிறார். அதே ஸ்பிரிட்டால் தட்டைத் துடைத்தால் தட்டும் கரையும். எல்.பி.க்கென்று கடையில் விற்கும் கழுவும் திரவங்கள் பலவற்றில் ஆல்கஹால் உண்டு, அவை வேண்டாம். டிஸ்டில்டு வாட்டர் ஒரு லிட்டர், பாத்திரம் துலக்கும் சோப்புத் திரவம் இரண்டே துளி, மிக மிருதுவான பிரஷ். கோடுகள் ஓடும் திசையில் வட்டமாகத் தேயுங்கள். லேபிளில் ஈரம் படக் கூடாது. சுத்தமான டிஸ்டில்டு வாட்டரால் மறுபடி அலசி, பாத்திரம் காயவைக்கும் கம்பித் தாங்கியில் நிற்கவைத்து நிழலில் காய விடுங்கள். முதல் கழுவலில் வெளியேறும் கறுப்புத் தண்ணீரில் எண்பது வருஷத் தூசியும் எஃகுத் தூளும் இருக்கும். கழுவியதும் குரல் ஒரு அடி முன்னால் வந்து நிற்பதைக் கேட்பீர்கள்.

அரக்கு வெயில் தாங்காது. என் இரண்டாவது வருஷத்தில், மதுரையிலிருந்து கொண்டுவந்த பல்லடம் சஞ்சீவ ராவ் தட்டைச் சித்திரை வெயிலில் கார் டிக்கியில் ஒரு மணி நேரம் விட்டேன். அப்பளம் போல வளைந்துவிட்டது. அதை இன்னும் வைத்திருக்கிறேன், பதிவு செய்ய முடியவில்லை.

புத்தகம் போல நிற்கவைத்து அடுக்குங்கள், சாய்க்காதீர்கள். ஒன்றின் மேல் ஒன்றாகப் படுக்கப் போட்டால் அடியில் இருப்பது வெடிக்கும். பத்து அங்குலத் தட்டு ஒன்று 200 கிராம் அளவுக்கு எடை வரும். ஐம்பது தட்டு என்றால் பத்துக் கிலோ, சாதாரண அலமாரிப் பலகை வளையும். பழைய காகித உறைகளில் அமிலம் ஏறியிருக்கும். அமிலமில்லாக் காகித உறைக்கு மாற்றுங்கள், பழைய உறையைத் தனியாகப் பத்திரப்படுத்துங்கள். அதில்தான் கடைக்காரர் முத்திரையும் ஊர்ப் பெயரும் இருக்கும்.

படி 6: பிளேயரும் ஊசியும்

சாவி கொடுக்கும் கிராமபோன் அழகுதான். அதன் ஊசி தட்டின் மேல் 100 கிராமுக்கும் மேல் அழுத்துகிறது. எஃகு ஊசியை ஒரு பக்கத்துக்கு ஒன்று என்று மாற்றச் சொன்னது அதனால்தான். வீட்டில் நிறைய பிரதி உள்ள சாதாரணத் தட்டுக்கு அதைப் பயன்படுத்துங்கள். அரிய தட்டை அதில் போடாதீர்கள்.

நிமிடத்துக்கு 78 சுற்று வேகம் உள்ள மின்சார டர்ன்டேபிள் வேண்டும். வேகத்தை நுணுக்கமாகக் கூட்டிக் குறைக்கும் வசதி கட்டாயம் இருக்க வேண்டும். எல்.பி. ஊசியின் முனை ஆரம் சுமார் 18 முதல் 25 மைக்ரான். 78 தட்டின் கோடு அதைவிட மூன்று மடங்கு அகலம். எல்.பி. ஊசியை அதில் விட்டால் வண்டிச்சக்கரம் அகன்ற வாய்க்காலின் அடியில் சேற்றில் உருள்வது போல ஓடும். கேட்பதெல்லாம் சேற்றின் சத்தம். 70 மைக்ரான் அளவுள்ள 78 ஊசியை வாங்குங்கள். நாலு கிராம் அழுத்தம் வையுங்கள். ஸ்டீரியோ கார்ட்ரிட்ஜ் என்றால் இரு பக்க ஒலியையும் மோனோவாக (ஒரே தடமாக) சேருங்கள், இரைச்சலில் கணிசமான பங்கு அந்த ஒரு செய்கையில் போய்விடும். வேறு எந்தச் செலவுக்கும் முன் ஊசிக்குச் செலவு செய்யுங்கள்.

படி 7: வேகம், அதாவது சுருதி

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள்.

'78' என்பது பின்னாளில் நிலைபெற்ற பொது எண். 1920-களுக்கு முன் பதிந்த தட்டுகள் நிமிடத்துக்கு 70 சுற்றிலிருந்து 80-க்கு மேல் வரை எங்கேயும் இருக்கலாம். வேகம் ஆறு சதவீதம் மாறினால் சுருதி அரைக் கட்டை (ஆர்மோனியத்தில் கறுப்பையும் சேர்த்து எண்ணினால் அடுத்த சாவி) மாறும். அதாவது 74-ல் பதிந்ததை 78-ல் ஓட்டினால் ஒரு கட்டையில் பாடியவர் ஏறத்தாழ ஒன்றரைக் கட்டையில் பாடுவார். சுருதி மட்டுமல்ல, தாளமும் ஓடும், கமகத்தின் (ஸ்வரத்தை அசைத்துப் பாடுவது) அசைவு நடுக்கமாக மாறும், குரலின் வயதே குறையும்.

முதலில் உங்கள் பிளேயரைச் சரிபாருங்கள். வட்டமாகக் கோடு போட்ட ஸ்ட்ரோப் அட்டையைத் தட்டின் மேல் வைத்து விளக்கு வெளிச்சத்தில் சுற்ற விடுங்கள். நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கு 77 கோடுகள் உள்ள அட்டை வேண்டும். கோடுகள் அசையாமல் நின்றால் 78 சரி. பழைய குண்டு பல்போ நியான் விளக்கோ தேவை, எல்.இ.டி. பல்புகள் பலவற்றில் இது வேலை செய்யாது.

பிறகு தட்டின் சொந்த வேகம். இதற்கு ஒரே சூத்திரம் இல்லை, சாட்சிகளைக் கூட்டித் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

ஒரே நாளில் பதிந்த தட்டுகளை அடுத்தடுத்த எண்களை வைத்துக் கண்டுபிடியுங்கள். அவை எல்லாம் ஒரே சுருதியில் நிற்க வேண்டும். ஒன்று மட்டும் விலகினால் யோசியுங்கள். ஆர்மோனியம் பக்கவாத்தியமாக இருந்தால் அதிர்ஷ்டம். கட்டைகளின் சுருதி நிலையானது, இரண்டு கட்டைகளுக்கு நடுவில் அது விழ முடியாது. ஆரம்பகாலத் தட்டுகளில் பாட்டு முடிந்ததும் பாடகர் தன் பெயரைச் சொல்வதுண்டு. பாட்டில் ஏமாறும் காது பேச்சில் ஏமாறாது. பேச்சு இயல்பாக ஒலிக்கும் வேகத்தைத் தேடுங்கள். அந்தக் கலைஞரின் பிற்கால வானொலிப் பதிவு இருந்தால் ஒப்பிடுங்கள், ஆனால் வயதோடு சுருதி இறங்குவதையும் கணக்கில் வையுங்கள்.

கடைசியாகத் தம்பூரா. இன்றைக்கு எல்லார் கைபேசியிலும் சுருதிப்பெட்டி இருக்கிறது. தட்டின் தொடக்கத்தில் ஷட்ஜத்தோடு சேருங்கள், அப்படியே முடிவு வரை விடுங்கள். முடிவில் சேராமல் போனால் பதிவு செய்த அன்றே யந்திரம் வேகம் மாறியிருக்கிறது. ஒரு தட்டுக்குள்ளேயே வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்த வேண்டிவரும்.

இதில் ஒரு தப்பை எல்லாரும் செய்கிறார்கள், நானும் செய்தேன். கேட்க உயரமாக இருக்கிறது என்பதற்காக வேகத்தைக் குறைப்பது. கிட்டப்பா உண்மையிலேயே உயர்ந்த சுருதியில் பாடியவர். மைக் இல்லாத நாடகக் கொட்டகையில் கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டும் என்று வளர்ந்த குரல் அது. நம் காலத்து ஆண் குரல்களின் சுருதிக்கு அவரை இழுத்துக் கட்டினால் அவரை இன்னொரு முறை இழப்போம்.

படி 8: கணினியில் ஏற்றுவது

96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் கோப்பு. முதல் பதிவில் எதையும் திருத்தாதீர்கள், அதை அப்படியே மூல ஓலையாக வைத்துவிட்டுப் பிரதியில் கை வையுங்கள். சாதாரண ஃபோனோ ஆம்ப்ளிஃபயரில் உள்ள ஆர்.ஐ.ஏ.ஏ. ஒலிச்சமன் (கனத்த ஒலியையும் மெல்லிய ஒலியையும் கூட்டிக் குறைத்துச் சமன் செய்வது) 1950-களின் நடுவில் எல்.பி.க்காக நிலைபெற்றது. 78 தட்டுக்கு அது பொருந்தாது. மைக்குக்கு முந்தைய தட்டுக்கு ஒலிச்சமனே வேண்டாம். முடிந்தால் சமன் இல்லாமல் பதிந்து, ஆடாசிட்டி போன்ற மென்பொருளில் பிறகு திருத்துங்கள்.

டக் டக் சத்தத்தை நீக்குங்கள். 'ஸ்ஸ்' என்ற பின்னணி இரைச்சலை மட்டும் பெருமளவு விட்டுவிடுங்கள். அதை முழுக்கத் துடைத்தால் 'ச', 'ஷ' எழுத்துகளும் வயலின் வில்லின் உரசலும் கமகத்தின் ஓரமும் சேர்ந்து போய், குரல் தண்ணீருக்கடியிலிருந்து வருவது போல ஆகிவிடும். இரைச்சலைத் துடைத்துத் துடைத்து வீணை தனம்மாளின் மீட்டின் முனையையே துடைத்துவிட்ட பதிவுகளைக் கேட்டிருக்கிறேன். இரைச்சல் அப்படியே இருந்த பதிவில் அந்த நகத்தின் சத்தம் கேட்டது.

இணையத்தில் பகிர்வதற்கு முன் சட்டம்: இந்தியாவில் ஒலிப்பதிவின் உரிமை வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 வருடம். நாம் பேசும் தட்டுகள் பெரும்பாலும் அதைத் தாண்டிவிட்டன. பாட்டின் உரிமை தனிக் கணக்கு. இயற்றியவர் மறைவுக்குப் பிறகு 60 வருடம். தியாகராஜர் கீர்த்தனைக்குத் தடையில்லை. 1973-ல் மறைந்த பாபநாசம் சிவனின் பாட்டுக்கு 2033 முடிய உரிமை உண்டு.

படி 9: ஒரு நோட்டுப் புத்தகம்

கணினியில் பட்டியல் வைத்தாலும் கையால் ஒன்று எழுதுங்கள். லேபிள், தட்டு எண், வளையத்தில் பொறித்த எண், பாடியவர், பாட்டு, லேபிள் சொல்லும் ராகம், காது சொல்லும் ராகம், ஓட்டிய வேகம், கிடைத்த சுருதி, எந்த ஊரில் யார் வழியாக வந்தது. கடைசிப் பத்தியை அலட்சியம் செய்யாதீர்கள். ஒரே ஊரிலிருந்து வந்த தட்டுகளை வரிசைப்படுத்திப் பார்த்தால் அந்த ஊர் எதை ரசித்தது என்பது தெரிய வரும்.

படி 10: கேட்பது

விளக்கைக் குறைத்து, கைபேசியைத் தள்ளி வைத்து, ஒரு தட்டை மூன்று முறை கேளுங்கள். முதல் முறை முழுசாக. இரண்டாம் முறை தம்பூராவோடு. மூன்றாம் முறை பாடகரை விட்டுவிட்டு வயலினை, மிருதங்கத்தை, மூச்சு வாங்கும் இடங்களை மட்டும். ஒரு மாலைக்கு இரண்டு தட்டு போதும்.

முதலில் கண்ணில் படுவது அவசரம். கச்சேரியில் பத்து நிமிடம் விரியும் கீர்த்தனை மூன்று நிமிடத்தில் முடிகிறது. பல்லவிக்கு இரண்டு சங்கதி (ஒரே வரியை மாற்றி மாற்றிப் பாடுவது), அனுபல்லவி ஓட்டம், சரணம் பாதி. அந்தக் காலத்தில் அப்படித்தான் பாடினார்கள் என்று இதை வைத்து முடிவு கட்டிவிடக் கூடாது. கூம்பின் முன் கெடிகாரம் நின்றது, அவ்வளவுதான். காலப்பிரமாணத்தை, அதாவது பாட்டின் நடைவேகத்தை, பற்றி இந்தத் தட்டுகள் சொல்வதைப் பாதிதான் நம்ப வேண்டும்.

முழுதாக நம்ப வேண்டியது வேறொன்று இருக்கிறது: முதல் பிடி. மூன்றே நிமிடம் இருப்பதால் ராகத்தைச் சுற்றி வளைத்து அறிமுகப்படுத்த நேரமில்லை. முதல் மூச்சிலேயே ராகம் முழுசாக வந்து நிற்க வேண்டும். எந்த ஸ்வரத்தில் தொடங்குகிறார், எதை அசைக்கிறார், எதைத் தொடாமல் விடுகிறார் என்று முதல் பத்து விநாடியை மட்டும் திரும்பத் திரும்பக் கேளுங்கள். பேகடா என்றால் மத்யமத்திலா நிஷாதத்திலா பிடிக்கிறார்? தோடி என்றால் காந்தாரம் எவ்வளவு தூரம் அசைகிறது? ஒரே ராகத்தில் ஐந்து பேரின் முதல் பத்து விநாடிகளை வரிசையாக வைத்துக் கேட்ட ஒரு ராத்திரி, பல வருஷக் கச்சேரிகளில் பிடிபடாத ஒன்று எனக்குப் பிடிபட்டது. ராகத்தை வளர்ப்பது ஒரு வித்தை. அதற்கு முன்னால் ராகத்தைத் திறப்பது என்று ஒரு வித்தை இருக்கிறது. அதற்கு இந்தத் தட்டுகளைவிட நல்ல பள்ளிக்கூடம் எனக்குத் தெரியாது.

வரலாறும் இதே கோடுகளுக்குள் இருக்கிறது. 'நகுமோமு' வீட்டுக்கு வீடு பாடப்பட்டதில் முசிறியின் தட்டுக்குப் பெரும் பங்குண்டு. இன்று நாம் ஆபேரி என்று பாடும் உருவம் ஜனங்களிடம் நிலைத்ததும் அப்படித்தான். ஒரு மூன்று நிமிடத் தட்டு ஒரு ராகத்தின் முகத்தையே ஊரறிய வரைந்து கொடுத்திருக்கிறது. 'கோடையிலே இளைப்பாற்றி' விருத்தத்தை (தாளமில்லாமல் பாடும் செய்யுள்) கிட்டப்பா பாடும்போது பின்னால் ஆர்மோனியத்தைக் கவனியுங்கள். அவருக்கு வழக்கமாக வாசித்தவர் அண்ணன் காசி ஐயர். குரல் ஏறும் இடத்தில் அது எப்படி ஒதுங்கி வழிவிடுகிறது என்று பாருங்கள். 1933 டிசம்பரில், இருபத்தேழு வயதில் போய்விட்டார் கிட்டப்பா. வசந்தகோகிலம் 1951-ல், முப்பத்தோரு வயது வாக்கில். இவர்கள் இருவரும் இருக்கும் இடம் அரக்குதான்.

என் மாலைகள் பெரும்பாலும் ராஜரத்தினம் பிள்ளையின் தோடியில் முடியும். இரண்டு பக்கமும் ஆலாபனை (பாட்டில்லாமல் ராகத்தை மட்டும் விரிப்பது) மட்டும் உள்ள தட்டு. முதல் பக்கத்தில் மேல் ஷட்ஜத்தை நோக்கி ஏறிக்கொண்டே வருவார், தொடப்போகும் நேரத்தில் கோடு முடிந்து ஊசி வளையத்துக்கு வழுக்கும். கச்சேரியில் இப்படி ஓர் இடைவெளி கிடையாது. எழுந்து போய், இரண்டு கையாலும் ஓரத்தைப் பிடித்துத் தட்டைத் திருப்பிப் போட வேண்டும். அந்த அரை நிமிடம் அறையில் சுருதிப்பெட்டி மட்டும் ஒலித்துக்கொண்டிருக்கும். அதை நிறுத்தாதீர்கள்.